கார்டு ஏறாத வண்டி

அன்று ரயில் அருங்காட்சியகத்தில் இருந்தவர்கள் இவர்கள். எங்கள் பக்கம் நான்; டயர் கடை வைத்திருக்கும் என் தம்பி; அவன் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிப் பழகிவிட்ட அவன் மனைவி; பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் அவர்களுடைய ஒரே மகள், வீட்டில் குட்டி. அந்தப் பக்கம் லிப்ட் பழுது பார்க்கும் பையன்; மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த அவனுடைய அப்பா; அந்தக் கடையின் எந்த மருந்துக்கும் மசியாத முழங்கால் வலியோடு அவனுடைய அம்மா. இவர்களைத் தவிர, கையில் மைக்கும் இடுப்பில் ஒலிபெருக்கியுமாக ஒரு வழிகாட்டிப் பெண். பொம்மை ரயில் ஓட்டும் ஓர் இளைஞன். எஞ்சினுக்குள் நின்ற மெழுகு டிரைவரையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிவரை மரியாதை தவறாமல் நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

நான் ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கும் துணிவு இதுவரை யாருக்கும் வரவில்லை. எங்கள் வீட்டில் நான் தலையசைக்காமல் எந்த நல்ல காரியமும் நடப்பதில்லை. இது நான் பிடுங்கிக்கொண்ட உரிமை என்று நினைக்க வேண்டாம். அப்பா போன பிறகு, சட்டைக்கு நிறம் தேர்ந்தெடுக்கவே தம்பிக்கு ஒரு வாரம் ஆகும் என்று தெரிந்ததும், அதுவாக வந்து என் மடியில் விழுந்தது.

குட்டிக்கு ஏற்கெனவே வந்த இரண்டு சம்பந்தங்களை நான் வேண்டாம் என்றேன். முதல் பையனின் அப்பா என் தம்பியோடு பேசியபோது கால்சட்டைப் பையிலிருந்து கையை வெளியே எடுக்கவே இல்லை. உள்ளே அப்படி என்ன பொக்கிஷமோ. இரண்டாவது வீட்டில் எங்களைச் செருப்பு அடுக்கும் இடத்திலேயே நிற்கவைத்துக் குசலம் விசாரித்தார்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்றார்கள் உறவினர்கள். அவர்களுக்கு எல்லாமே சின்ன விஷயம்தான், பந்தியில் இடம் கிடைக்காததைத் தவிர.

இந்த மூன்றாவது, குட்டி தானே பார்த்துக்கொண்டது. அவள் வேலை செய்யும் கட்டடத்தில் லிப்ட் நடுவில் மாட்டிக்கொண்டது, இவள் உள்ளே. கதவைத் திறந்தவன் அந்தப் பையன். அதற்குப் பிறகு அந்த லிப்ட் வாரம் தவறாமல் பழுதாயிற்று. எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அருங்காட்சியகத்துக்குக் கிளம்பும்போது குட்டி என் அறைக்கு வந்து நின்றாள்.

"அத்தை, இதையும் திருப்பி அனுப்பிடாதீங்க."

"நான் எதையும் அனுப்பறதில்லை. தானா திரும்பிப் போகுது."

"இது திரும்பிப் போச்சுன்னா நான் வேற யாரையும் பார்க்கமாட்டேன். சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க. நானும் உங்க மாதிரிதான்."

மிரட்டினால் பயப்படுகிறவள் இல்லை நான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் உண்மை. அதுதான் தொந்தரவு.

அருங்காட்சியகத்தில் சந்திக்கலாம் என்றது மருந்துக்கடைக்காரருடைய யோசனை. "ரெண்டும் ரயில்வே குடும்பம். ஓட்டல்ல போய் மூஞ்சியை மூஞ்சி பார்த்துட்டு எதுக்கு உட்காரணும்? அங்க நடந்துகிட்டே பேசி முடிச்சுடலாம்" என்று தம்பியிடம் சொன்னாராம். அன்று இரண்டு பக்கமும் தலையசைத்துவிட்டால் மறுநாளே மண்டபம் பார்க்கக் கிளம்பலாம் என்று ஏற்பாடு.

ரயில்வே குடும்பம்தான். எங்கள் அப்பா எஞ்சின் டிரைவர். மருந்துக்கடைக்காரருடைய அப்பா கார்டு. வெளியாருக்கு இதில் என்ன வித்தியாசம் என்று தோன்றும். வண்டியின் முன்னால் நெருப்போடு நிற்பவர் டிரைவர். பின்னால் கடைசிப் பெட்டியில் கொடியோடு உட்கார்ந்து வருபவர் கார்டு. ஆனால் கார்டு பச்சைக்கொடி காட்டி விசில் ஊதினால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். சட்டப்படி வண்டிக்கே பொறுப்பு கார்டுதான். அந்தச் சட்டத்தை எழுதியவர் வாழ்நாளில் ஒரு கூடைக் கரிகூடத் தூக்கியிருக்க மாட்டார். தலை இருக்க வால் ஆடலாமா என்பது எங்கள் வீட்டில் பழமொழி இல்லை, தினசரிப் பேச்சு. ஆகவே கார்டு வீட்டில் பெண் கொடுப்பது என்றபோது எனக்குள் ஒரு நெருடல் இருந்தது. குட்டிக்காக அதை விழுங்கிக்கொண்டேன்.

அருங்காட்சியகம் ஒரு காலத்தில் எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகையாக இருந்ததாம். இப்போது தரையில் முகம் பார்க்கலாம். கரி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, சத்தம் இல்லை. ரயில்வேயிலிருந்து ரயில்வேயை மட்டும் கவனமாக எடுத்துவிட்டு மிச்சத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குக் கீழே ஒளித்துவைத்த ஒலிபெருக்கியிலிருந்து நீராவி 'புஸ்' என்று சீறிக்கொண்டே இருந்தது. கேட்பதற்கு வாயுத்தொல்லை போல இருந்தது.

நடுக்கூடத்தில் எஞ்சின். அப்பா ஓட்டிய அதே ரகம். கறுப்புச் சாயம் பளபளக்க, இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்து, கல்யாண வரவேற்புக்கு வந்தது போல நின்றது. உள்ளே மெழுகு டிரைவர். கன்னம் இரண்டும் ரோஜா நிறம். சட்டையில் இஸ்திரி மடிப்பு.

"அக்கா, அப்பா மாதிரியே இருக்காரு இல்ல?" என்றான் தம்பி.

"அப்பாவுக்கு மீசை கிடையாது."

"இல்லக்கா, அந்த நிக்கிற விதம்."

"அவர் நிக்கலைடா. ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க."

தம்பி மனைவி இரண்டுக்கும் தலையாட்டினாள்.

வழிகாட்டிப் பெண் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். இது நீராவி எஞ்சின் என்றாள். இது நீராவியால் ஓடும் என்றாள். இந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கும் என்றாள். நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம்.

மருந்துக்கடைக்காரர் எஞ்சினைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டு, நேரே வண்டியின் வாலுக்கு நடந்தார். அங்கே கார்டு பெட்டி இருந்தது. உள்ளே ஒரு மர இருக்கை, ஒரு சின்ன ஜன்னல், மாட்டிவைத்த கைவிளக்கு.

"அக்கா, இங்கதான் எங்கப்பா வாழ்ந்தாரு" என்றார். ஆள் என்னைவிடச் சின்னவர். வந்ததிலிருந்து அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

"நல்ல காத்தோட்டமான இடம். தூக்கம் நல்லா வந்திருக்கும்" என்றேன்.

"தூங்கினா வண்டி எப்படிக்கா கிளம்பும்? நாங்க கொடி காட்டினாத்தானே உங்காளுங்க கையே அசையும்."

"ஆமாமா. கொடியாலதான் வண்டி ஓடுது. கரியெல்லாம் சும்மா அழகுக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற குட்டியும் பையனும் பெருமூச்சு விட்டது என் காதில் விழுந்தது. தம்பி பொம்மை ரயிலுக்கு எல்லோருக்குமாக டிக்கெட் வாங்கி வந்து, அதை விசிறி போலப் பிடித்துக்கொண்டு நின்றான். பையனின் அம்மா என் கையைப் பிடித்து, "குட்டி எங்க வீட்டுக்கு வந்தா என் முழங்காலுக்கு ஒரு துணை கிடைக்கும்" என்றார். காரியம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நான் தலையசைக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் வழிகாட்டிப் பெண் குறுக்கே வந்தாள்.

"நீங்க ரெண்டு பேருமே ரயில்வே குடும்பமா மேடம்? ஐயோ, சூப்பர்! ஏதாவது ஒரு அனுபவம் மைக்ல சொல்லுங்களேன். எல்லாரும் கேட்பாங்க."

எல்லாரும் என்றால், பலூன் வைத்திருந்த சில குழந்தைகள், அவர்களைப் பெற்றவர்கள், குளிர்சாதனத்துக்காக உள்ளே வந்த ஒரு கும்பல். நான் மறுத்தேன். தம்பி விடவில்லை.

"அக்கா, டிபன்பாக்ஸ் கதை சொல்லுக்கா! அதை நீ சொன்னாத்தான் நல்லாயிருக்கும்."

டிபன்பாக்ஸ் கதை எங்கள் வீட்டுச் சொத்து. யாராவது தாமதமாக மூச்சிரைக்க ஓடிவந்தால், "இதோ வந்துட்டாரு டிபன்பாக்ஸ்" என்போம். எந்த விசேஷத்திலும் பந்தி முடிந்ததும் அதை ஒரு முறை சொல்லாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. மைக்கை வாங்கினேன். வாங்கியதற்காக இன்றும் வெட்கப்படவில்லை. சொல்லத் தெரிந்தவர்களிடம்தான் மைக் கொடுக்கவேண்டும்.

மழைநாள். ஒரு சின்ன ஸ்டேஷன். அப்பாவின் பயணிகள் வண்டி நிற்கிறது. கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அப்பாவுக்கு நேரம் என்றால் நேரம்தான். அவர் வண்டியைப் பார்த்து ஊரில் கடிகாரம் திருத்துவார்கள். கார்டைக் காணோம். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் டிபன்பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு ஐயா விருந்து சாப்பிடுகிறார். அப்பா ஒரு முறை ஊதினார். கொடி வரவில்லை. இன்னொரு முறை ஊதினார். ஊஹூம். வண்டியை எடுத்துவிட்டார்! கார்டு ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் டிபன்பாக்ஸ் என்று பிளாட்பாரம் முழுக்க ஓடி வருகிறார். டிபன்பாக்ஸ் கைநழுவித் தண்டவாளத்தில் உருண்டு ஓடுகிறது. எஞ்சினில் கரி தள்ளும் ஃபயர்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, கார்டு ஓடி வர்றாரு!" என்றாராம். அப்பா கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாராம்: "ஓடட்டும். தின்னது செரிக்கும்."

கூடம் அதிர்ந்தது. பலூன் குழந்தைகள்கூடச் சிரித்தன. கார்டு அப்புறம் ஒரு சரக்கு வண்டியில் கரிக்குவியல் மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தார், ஆளைப் பார்த்தால் எது கரி எது கார்டு என்று தெரியவில்லை என்று முடித்தேன். கைதட்டல்.

பையனின் அம்மா மட்டும் கணவர் பக்கம் திரும்பினார். சூதுவாது தெரியாத மனுஷி.

"ஏங்க, இது நம்ம வீட்டு அவசரக்குடுக்கை கதை மாதிரியே இல்ல?"

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

"அந்த டிபன்பாக்ஸ் எந்தப் பக்கம் உருண்டுச்சுன்னு சொன்னீங்க?"

"தண்டவாளத்துல."

"உங்கப்பாவுக்குப் பிள்ளைங்க அப்ப சின்னவங்களா?"

"நான் மூத்தவ. பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். இவன் கைக்குழந்தை."

"அந்த மைக்கைக் கொஞ்சம் கொடுங்கம்மா" என்றார்.

அக்கா போய் அம்மா வந்துவிட்டது. அந்தச் சின்ன மாற்றத்திலேயே எனக்கு ஏதோ உறைத்தது. ஆனால் மைக் கை மாறிவிட்டது.

"எங்க வீட்லயும் ஒரு கதை இருக்கு" என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து. "யாராவது கூட வர்றவங்களை விட்டுட்டுக் கிளம்பினா, அவசரக்குடுக்கை டிரைவர்னு சொல்லுவோம். எங்கப்பா அன்னைக்குச் சாப்பிட உட்காரவே இல்லை. டிபன்பாக்ஸை எடுத்துகிட்டு வண்டிக்கு வந்தவரு, நடுப்பெட்டியில ஒரு கதவு திறந்து ஆடிக்கிட்டு இருக்கறதைப் பார்த்தாரு. மழை. உள்ள ஜனங்க. கதவைச் சாத்தப் போனாரு. அதுக்குள்ள கொடியும் இல்லாம விசிலும் இல்லாம வண்டி நகருது. ஓடிப்போய்க் கடைசிப் பெட்டிக் கம்பியைப் பிடிச்சாரு. ஈரம். கை வழுக்கிடுச்சு. தோள்பட்டை இறங்கிப்போச்சு. அதுக்கப்புறம் அந்தக் கையைத் தலைக்கு மேல தூக்கவே முடியலை அவரால."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அவர் இப்போது என்னைப் பார்த்தார்.

"விசாரணை வந்துச்சு. கொடி இல்லாம வண்டி எடுத்தா டிரைவருக்கு வேலை போயிடும். எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? நான் கொடி காட்டினேன், ஏறும்போது நான்தான் தவறிட்டேன்னாரு. பழி அவர் மேல விழுந்துச்சு. சரக்கு வண்டிக்கு மாத்திட்டாங்க; ரிட்டயர் ஆகறவரைக்கும் பயணிகள் வண்டி ஏறலை. ஏம்ப்பா அப்படிச் சொன்னேன்னு கேட்டா, அந்த அவசரக்குடுக்கைக்குச் சின்னச் சின்னப் பிள்ளைங்க இருக்கு, தெருவுல நிக்கும்ன்னாரு. அந்தப் பிள்ளைங்க தின்ன சோறு எங்கப்பா போட்ட பிச்சை."

மறுபடியும் கைதட்டல். முன்னதைவிடப் பலமாக. இரண்டு பேர் பேசியதையும் அருங்காட்சியகமே ஏற்பாடு செய்து நடத்துகிற நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர், "அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?" என்று வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டார்.

"சார், வார்த்தையை அளந்து பேசுங்க" என்றேன்.

"ஏன்? நீங்க டிபன்பாக்ஸ்னு சொல்லலாம், ஊரே சிரிக்கலாம். நான் பிச்சைன்னா சுடுதா?"

"எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் கையேந்தினதில்லை."

"கையேந்தலை. உண்மைதான். எங்கப்பாவால கையைத் தூக்கவே முடியாம போச்சு. யார் கையைப் பத்திப் பேசறோம்?"

"அக்கா, விடுக்கா" என்றான் தம்பி. "சார், பெரியவங்க காலத்துல நடந்தது..." என்று அந்தப் பக்கமும் ஒரு அடி வைத்தான். பாவம், டயரில் நடுவழியிலேயே காற்றுப் போயிற்று.

"வாடா போகலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர் மகனிடம். மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பையன் குட்டியைப் பார்த்தான். குட்டி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பையன் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ள ஓடினான்.

அவர்கள் போகிறார்களே என்று நாங்களும் போனால் விரட்டப்பட்டவர்கள் போல இருக்கும். டிக்கெட் வாங்கியாயிற்று, பொம்மை ரயில் ஏறப்போகிறோம் என்று அறிவித்தேன். தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். தம்பி மனைவி தலையாட்டினாள்.

பொம்மை ரயிலில் மானத்தோடு உட்காருவது எளிதல்ல. முழங்கால் தாடையை இடிக்கும். நான் முன்பெட்டியில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக்கொண்டேன். பக்கத்தில் குட்டி. பின்பெட்டியில் தம்பியும் மனைவியும், அதற்குப் பின்னால் குழந்தைகளும் பெற்றோர்களும். கடைசிப் பெட்டி காலி. ஓட்டுகிற இளைஞன் காதில் பாட்டு மாட்டியிருந்தான். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல், திரும்பியும் பார்க்காமல் கிளம்பிவிட்டான்.

குட்டி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் சமாளிக்க எனக்குத் தெரியும். ஆயிரம் பேரைச் சமாளித்திருக்கிறேன். அவள் அழவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேரே பார்த்தபடி கேட்டாள்.

"அத்தை, ஃபயர்மேன் எட்டிப் பார்த்தாருன்னு சொன்னீங்க. தாத்தா திரும்பிப் பார்த்தாரா?"

"டிரைவர் முன்னாலதான் பார்க்கணும்."

"அப்ப பார்க்கலை."

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். தவறான ஊசி, தவறி விழுந்த நோயாளி, எதுவானாலும் சரி. தவறு ஒன்று நடந்துவிட்டால் அது காற்றில் கரையாது. யாராவது ஒருவர் தலையில் இறங்கியே தீரும். உரியவர் தலையில் இறங்கவில்லை என்றால், இன்னொருவர் தன் தலையைக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். இதை எத்தனையோ இளம் நர்ஸுகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். கொடி இல்லாமல் வண்டி எடுத்த எங்கள் அப்பாவை ஏன் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அது அவருடைய சாமர்த்தியம் என்றே வளர்ந்தோம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துப் பந்தி முடித்தோம்.

தோள்பட்டை இறங்குவது என்றால் என்ன என்றும் எனக்குத் தெரியும். அதைக் கேட்டுச் சிரித்த ஆளை நான் பார்த்ததில்லை.

பொம்மை ரயிலின் தண்டவாளம் தோட்டத்தைச் சுற்றி வாசலுக்குப் போகும் பாதையோடு சேர்ந்து ஓடியது. திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று வந்தார். மருந்துக்கடைக்காரர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவருக்காக நின்று நின்று நடந்தார். நாங்கள் அவர்களைக் கடந்துவிட்டிருந்தோம். இன்னும் கொஞ்சம் போனால் வளைவு. அதற்கப்புறம் அவர்கள் தெரிய மாட்டார்கள்.

ஓட்டுகிறவன் தோளில் தட்டினேன். காதிலிருந்து ஒரு பாட்டைக் கழற்றினான்.

"வண்டியை நிறுத்து."

"நடுவுல நிறுத்தக்கூடாதும்மா."

"கார்டு ஏறலை. நிறுத்து."

"கார்டா? இதுக்குக் கார்டே கிடையாதுங்க."

"இருக்காரு. அதோ வர்றாரு."

வார்டில் நான் பயன்படுத்துகிற குரல் ஒன்று உண்டு. மருத்துவர்களே நின்றுவிடுவார்கள். பொம்மை ரயிலும் நின்றது.

பின்னாலிருந்து குழந்தைகள் சத்தம் போட ஆரம்பித்தன. ஒரு தகப்பன், "என்னாச்சு, பஞ்சரா?" என்று கேட்டான். தம்பி டயர் கடைக்காரன் என்பதால் அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டான். மூவரும் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மருந்துக்கடைக்காரர் நின்றார்.

"எதுக்கு நிறுத்தினீங்க?"

"உங்க சம்சாரத்துக்கு முழங்கால் முடியலை. வாசல் தூரம்."

"அவ நடப்பா."

"நான் நடக்கமாட்டேன்" என்றார் அந்த அம்மா. சொன்னதோடு நிற்காமல் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் பெட்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். குட்டி நகர்ந்து இடம் கொடுத்தாள். மகன் அம்மாவை ஏற்றுகிற சாக்கில் தானும் ஏறிக்கொண்டான். லிப்ட் மெக்கானிக், ஏற்றுவதும் இறக்குவதும் அவன் தொழில்.

பாதையில் அவர் மட்டும் தனியாக நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூச்செடியைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பிறந்திருக்க வேண்டிய ஆள். அவ்வளவு வீம்பு.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒரே விஷயம். பெட்டியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னேன்.

"கடைசிப் பெட்டி காலியா இருக்கு சார். அங்க யாரும் உட்காரலை. நீங்க சொன்னாத்தான் வண்டி கிளம்பும்."

அவர் பூச்செடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நக்கல் செய்கிறேனா என்று தேடினார். தேடட்டும் என்று முகத்தைக் காட்டினேன்.

அவர் மெதுவாகப் பின்பக்கம் நடந்தார். போகிற போக்கில் ஒவ்வொரு பெட்டியிலும் சங்கிலிக் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். ஒன்று மாட்டாமல் தொங்கியது, மாட்டினார். வெளியே நீட்டிய ஒரு குழந்தையின் கையை உள்ளே வைத்தார். கடைசிப் பெட்டியில் ஏறி நின்றார். கொடி ஏது? சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பச்சைகூட இல்லை, பழுப்பில் கட்டம் போட்டது. அதைத் தலைக்கு மேல் நன்றாக உயர்த்தி அசைத்தார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், மருந்துக்கடைக்குள் இத்தனை நாள் அது எங்கே இருந்ததோ.

ஓட்டுகிறவன் என்னைப் பார்த்தான்.

"பதிலுக்கு ஊதிட்டுக் கிளம்பு. அதுதான் முறை" என்றேன்.

அவன் பொத்தானை அழுத்தினான். பொம்மை ரயில் பிறந்தநாள் பாட்டு ஒன்றை வாசித்துவிட்டுக் கிளம்பியது. ரயில்வே எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இறங்கியபின் அவரும் நானும் ஒரு பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தோம். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் அந்த வழக்கம் இல்லை.

"அந்தத் தோளுக்கு யார்கிட்ட காட்டினாங்க?" என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் காட்டலைக்கா. வலிக்கலைன்னே சொல்லிட்டாரு."

"காட்டியிருக்கணும். உடனே காட்டியிருந்தா சரி பண்ணியிருக்கலாம்."

"ம்" என்றார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பிச்சைன்னு சொல்லியிருக்க வேண்டாம்" என்றார், என்னிடம் இல்லை, எதிரே இருந்த குப்பைத்தொட்டியிடம்.

"மண்டபம் யார் பார்க்கிறது?" என்றேன்.

"நாங்க பார்க்கிறோம்."

"அப்ப சாப்பாடு எங்க பொறுப்பு. பந்தியில கதை எதுவும் கிடையாது."

தூரத்தில் நின்ற குட்டியைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் உடனே சிரித்துவிடவில்லை. உறுதிதானா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை அசைத்தேன். ஒரே விஷயத்துக்கு நான் இரண்டு முறை தலையசைத்தது அதுவே முதல் தடவை. கல்யாணம் குறையின்றி நடந்தது.

குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பொம்மை ரயிலின் பேட்டரி தீர்ந்து நடுவழியில் நின்றுவிட்டது, அதற்குள் அவர்கள் நடந்து வந்து சேர்ந்துகொண்டார்கள் என்று என் தம்பி உறவினர்களிடம் சொல்லிவருகிறான். பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. வண்டியை நிறுத்தச் சொன்னது நான்.